வாக்கு கூடியதா, வழி தெரிந்ததா? மாணவர் ஆய்வேட்டுக்கு இரண்டு கேள்விகள்: ஓர் ஒப்பாய்வு

அரசியல் அறிவியல், சமூகப் பணி, பொது நிர்வாகம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது வாக்காளர் கல்வியை விரும்பி எடுக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்ட 1950 ஜனவரி 25-ஐ நினைவுகூர்ந்து, 2011 முதல் ஆண்டுதோறும் அதே நாள் தேசிய வாக்காளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்லூரிகளில் அன்று உறுதிமொழி எடுக்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் பேரணி, கோலப்போட்டி, மனிதச் சங்கிலி எல்லாம் நடக்கின்றன. இவற்றில் பங்கேற்ற மாணவருக்கு, இதனால் என்ன பயன் விளைந்தது என்று அறியும் ஆவல் வருவது இயல்பு. அந்த ஆவலோடு அவர் நெறியாளரிடம் கொண்டுவருவது பெரும்பாலும் 'வாக்காளர் விழிப்புணர்வு: ஓர் ஆய்வு' என்ற தலைப்பு. அதில் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி இல்லாமல் கள ஆய்வுக்குப் போனால் நூறு படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்து, அவற்றை வைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் திகைக்க நேரும்.

இந்தத் தலைப்பைக் கேள்வியாக மாற்றும்போது மாணவர்கள் இரண்டு திசைகளில் ஒன்றில் போகிறார்கள். அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் கேள்வி: தமிழ்நாட்டில் வாக்காளர் கல்வி வாக்குப்பதிவை உயர்த்தியிருக்கிறதா?

இரண்டாம் கேள்வி: ஒரு கல்லூரியில் 18 வயது நிறைந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத மாணவர்கள், பெயர் சேர்க்கும் வழியில் எந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள்? படிவத்தைக் கையில் கொடுத்து நடத்தும் ஒரு மணி நேரப் பயிற்சி அந்தத் தடையை நீக்குகிறதா?

முதலாவது மாநிலம் தழுவிய அக்கறை கொண்டது, கேட்டவுடன் பெரிதாகத் தெரிவது. இரண்டாவது ஒரு கல்லூரி வளாகத்துக்குள் அடங்குவது. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய மாணவர் ஆய்வுக்கு எது தாங்கும், எது நேர்மையான விடை தரும் என்பதை அளவுகோல், காரண விளக்கம், தரவு, அறம், பயன் என ஐந்து நிலைகளில் ஒப்பிடலாம்.

அளவுகோல்: வாக்குப்பதிவு விகிதம் எதைச் சொல்கிறது?

முதல் கேள்விக்கு அளவுகோல் தயாராக இருப்பதுபோல் தோன்றும். வாக்குப்பதிவு விகிதங்களைத் தேர்தல் ஆணையமே வெளியிடுகிறது. தேசிய அளவில் மக்களவைத் தேர்தல்களின் வாக்குப்பதிவு 2009-இல் சுமார் 58 விழுக்காடு. 2014-இல் அது 66-ஐத் தாண்டியது, 2019-இல் 67-ஐத் தாண்டியது, 2024-இல் 66-ஐ ஒட்டி நின்றது. ஆணையத்தின் வாக்காளர் கல்வித் திட்டமான ஸ்வீப் உருப்பெற்று வளர்ந்ததும் 2009-க்குப் பிந்தைய இதே காலத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர், கல்வி வாக்கைக் கூட்டியது என்று எழுதத் துடிப்பார்.

அவர் தமிழ்நாட்டின் எண்களை எடுக்கட்டும். 2011 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 78 விழுக்காடு. 2016-இல் 75-ஐ ஒட்டி இறங்கியது. 2021-இல் 73-ஐ ஒட்டி மேலும் இறங்கியது. மக்களவைத் தேர்தலில் 2014-இல் 73-க்கு மேல் இருந்தது 2024-இல் 70-ஐக்கூடத் தொடவில்லை. திட்டம் ஒன்றுதான், காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாட்டில் எண் ஏறியது, மாநிலத்தில் இறங்கியது. ஏறியதற்குக் கல்வியைக் காரணம் சொல்பவர் இறங்கியதற்கும் அதையே காரணம் சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. தமிழ்நாடு ஏற்கெனவே உயரத்தில் இருந்த மாநிலம், மேலே போக இடம் குறைவு என்று ஒரு விளக்கம் தரலாம். அதுவும் தனியாக மெய்ப்பிக்க வேண்டிய ஒன்றுதான்.

இதைவிட ஆழமான சிக்கல் விகிதத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. வாக்குப்பதிவு விகிதம் என்பது பதிவான வாக்குகளைப் பட்டியலில் உள்ள பெயர்களால் வகுத்து வருவது. பட்டியலில் இறந்தவர், இடம் மாறியவர், இருமுறை பதிவானவர் பெயர்கள் நிறைந்திருந்தால் விகிதம் தாழ்ந்து தெரியும். அவற்றை நீக்கினால், புதிதாக ஒருவர்கூடச் சாவடிக்கு வராமலேயே விகிதம் உயரும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. 6.41 கோடியாக இருந்த பட்டியல் 5.43 கோடி ஆனது. ஒரு கணக்குக்காக 4.5 கோடிப் பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பட்டியலின்படி அது 70 விழுக்காடு. வரைவுப் பட்டியலின்படி 83 விழுக்காடு. வாக்களித்தவர் எண்ணிக்கை மாறவே இல்லை. இதைக் கவனிக்காமல் இரண்டு தேர்தல்களின் விகிதத்தை ஒப்பிடும் ஆய்வேடு, பட்டியல் சுத்திகரிப்பின் விளைவைக் கல்வியின் விளைவாக எழுதிவிடும்.

இரண்டாம் கேள்வியின் அளவுகோல் எளிமையானது, ஆனால் பிடிமானம் உள்ளது. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ ஒரு மாணவர் சமர்ப்பித்தாரா இல்லையா என்பதே அது. இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பித்தால் ஒரு குறிப்பெண் கிடைக்கிறது. அதை வைத்து விண்ணப்பத்தின் நிலையை அறியலாம். அந்த எண் வந்த திரையை மாணவர் காட்டினால் போதும், ஆய்வாளர் அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இங்கே அளக்கப்படுவது மனநிலை அல்ல, நடந்து முடிந்த ஒரு செயல். அளவுகோலில் இரண்டாம் கேள்விக்கே முதலிடம்.

காரணம்: எதனால் நடந்தது?

வாக்காளர் கல்வி என்று முதல் கேள்வி சொல்வதில் எதெல்லாம் அடங்கும்? ஆணையத்தின் விளம்பரம், கல்லூரிப் பேரணி, 2018-இல் தொடங்கப்பட்ட எலக்டோரல் லிட்டரசி கிளப்புகள் என்ற வாக்காளர் கல்வி மன்றங்கள் எல்லாம் அடங்கும். அத்தோடு நிற்பதில்லை. 'மேற்கண்ட எவருமில்லை' என்ற நோட்டா வருவதற்கு முன்பே, யாருக்கும் வாக்களிக்க விரும்பவில்லை என்று சாவடியில் பதிவுசெய்ய உதவிய '49 ஓ' என்ற விதியை இதழ்களில் எழுதி எழுதித் தமிழ் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் எழுத்தாளர் ஞாநி. தன் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லும் '49 பி' விதியை 2018-இல் 'சர்கார்' படம் தெருவெங்கும் பேசவைத்தது. கட்சித் தொண்டர் வீட்டுக்கு வந்து பூத் சிலிப்பைக் கொடுத்து, சாவடி எந்தப் பள்ளியில் என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒரு வகைக் கல்விதான். இத்தனையிலிருந்தும் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து அதன் விளைவை அளப்பது பெரிய ஆய்வு நிறுவனங்களுக்கே கடினம்.

வாக்காளரைச் சாவடிக்கு அழைத்துவருபவை வேறும் உண்டு. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா புகார்களால் தேர்தலே நிறுத்தப்பட்டது. வாக்குக்குப் பணம் புழங்கும் இடத்தில் வாக்குப்பதிவு உயர்ந்தால் அதைக் கல்வியின் வெற்றி என்று எப்படிச் சொல்வது? போட்டி கடுமையாக இருந்தால் வாக்கு கூடும். உள்ளூர் வேட்பாளர் நின்றால் கூடும். வெயிலும் தொடர் விடுமுறையும் சேர்ந்தால் நகரத்தில் குறையும்.

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 விழுக்காடு பதிவானது, மத்திய சென்னையில் 54 விழுக்காடு. பள்ளிக் கல்வியிலும் இணைய வசதியிலும் சென்னை முன்னால் நிற்கிறது, வாக்குப்பதிவில் பின்னால் நிற்கிறது. இந்த இடைவெளிக்கு அக்கறையின்மை ஒரு காரணமாக இருக்கலாம். வாடகை வீடு மாறியும் பெயர் பழைய முகவரியிலேயே இருப்பதும், ஒருவர் பெயர் ஊரிலும் நகரத்திலும் இருப்பதும்கூடக் காரணமாகலாம். தொகுதி அளவிலான எண்ணை வைத்துக்கொண்டு தனி மனிதரின் மனத்தைப் படிக்க முடியாது. முதல் கேள்வியை எடுக்கும் மாணவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இது.

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களே இல்லையா என்றால், உண்டு. அவர்கள் எப்படிக் கண்டார்கள் என்பது மாணவருக்கு நல்ல பாடம். அமெரிக்காவில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998 தேர்தலின்போது நியூ ஹேவன் நகரில் பல்லாயிரம் வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலரை நேரில் சந்திக்க ஆள் அனுப்பினார்கள், சிலருக்கு அஞ்சல் அனுப்பினார்கள், சிலருக்குத் தொலைபேசியில் பேசச் செய்தார்கள், மீதிப் பேரை அப்படியே விட்டார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்தியது, தொலைபேசி அழைப்பால் பயன் தெரியவில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2008 தேர்தலை ஒட்டி சேவியர் ஜினே, கஸாலா மன்சூரி இருவரும் கிராமப் பெண்களிடம் வீடு வீடாக வாக்காளர் கல்வி நடத்தி ஆராய்ந்தார்கள். கல்வி பெற்ற பெண்களின் வாக்குப்பதிவு 11 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு உயர்ந்தது. அவர்களுக்கு அருகில் வசித்த, யாரும் போய்ப் பேசாத பெண்களிடமும் அந்த உயர்வு தெரிந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளும் 'வாக்காளர் கல்வி பயன் தருகிறதா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. எந்த மக்களிடம், எந்தச் செய்தியை, எந்த வழியில் கொண்டுபோனால் என்ன மாறுகிறது என்று கேட்டன. பெரிய ஆய்வுகளே தங்கள் கேள்வியை இவ்வளவு குறுக்கிக்கொண்டன என்பதை மாணவர் மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டாம் கேள்வி இந்த முறையைச் சிறிய அளவில் கடைப்பிடிக்க இடம் தருகிறது. ஒரே ஆண்டில் படிக்கும் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒன்றுக்கு முதலில் பயிற்சி தரலாம். மற்றதற்கு ஒரு மாதம் கழித்து அதே பயிற்சியைத் தரலாம். அந்த ஒரு மாத இடைவெளியில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று பார்க்கலாம். சிந்து ஆய்வில் தெரிந்த அக்கம்பக்கத் தாக்கத்தை இங்கே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்கள் கேட்டதைப் பகிர்ந்துகொள்வார்கள். அதனால் ஒரே வகுப்பைப் பாதியாகப் பிரிக்காமல் பிரிவு பிரிவாகவே எடுப்பது நல்லது. அறைத் தோழர் யார், எந்தப் பிரிவு என்பதையும் வினாப்படிவத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரவு: யார் கையில் இருக்கிறது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம், வாக்களித்தாரா என்பது பதிவேட்டில் கிடைக்கும். நியூ ஹேவன் ஆய்வு சாத்தியமானதே இதனால்தான். இங்கே கல்லூரி மாணவர் ஒருவர் அப்படி ஆள் ஆளாகச் சரிபார்க்கும் வழி இல்லை. அவர் நேரில் கேட்டுத்தான் அறிய வேண்டும். வாக்களிக்காதவர்களில் ஒரு பகுதியினர் வாக்களித்தேன் என்று சொல்வது தேர்தல் ஆய்வுகளில் நன்கு பதிவான உண்மை. கடமை தவறியதாக யாரும் காட்டிக்கொள்ள விரும்புவதில்லை. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வாக்களிப்பது கடமை என்று பயிற்சியில் கேட்டவருக்கு, வாக்களிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கூச்சம் இன்னும் கூடும். அப்போது பயிற்சி வாக்கைக் கூட்டியதா, 'வாக்களித்தேன்' என்ற விடையை மட்டும் கூட்டியதா என்று பிரித்தறிய முடியாது. இடக்கை ஆள்காட்டி விரலின் மையைப் பார்க்கலாம் என்றால், வாக்குப்பதிவு முடிந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் நேரில் பார்த்தாக வேண்டும். தேர்தல் நாளும் ஆய்வேட்டுக் கெடுவும் ஒத்துவருவது அரிது.

இரண்டாம் கேள்விக்குத் தேர்தலே தேவையில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆக எந்தப் பருவத்தில் ஆய்வு செய்தாலும் களம் திறந்தே இருக்கும்.

களத்தில் பார்க்க வேண்டியது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு மாணவர் வாக்காளர் ஆவதற்குக் கடக்கும் படிகள் இவை. தனக்குத் தகுதி வந்துவிட்டது என்று அறிவது முதல் படி. எந்த முகவரியில் பெயர் சேர்ப்பது என்று முடிவெடுப்பது இரண்டாவது. வயதுக்கும் முகவரிக்கும் ஆவணம் திரட்டுவது மூன்றாவது. படிவம் 6-ஐ நிரப்பி இணையத்திலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கொடுப்பது நான்காவது. அந்த பி.எல்.ஓ. சரிபார்க்க வீட்டுக்கு வரும்போது வீட்டார் விவரம் சொல்வது ஐந்தாவது. பட்டியலில் பெயர் வந்ததா என்று தேடிப் பார்ப்பது ஆறாவது.

வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவருக்கு இரண்டாவது படியே கடினமானது. பெற்றோர் இருக்கும் ஊரிலோ விடுதி முகவரியிலோ ஏதேனும் ஓரிடத்தில் அவர் பெயர் சேர்க்கலாம். விடுதி முகவரி என்றால் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று வேண்டும். இந்தத் தெரிவு தனக்கு இருக்கிறது என்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள், தீபாவளிக்குப் போனால் நேரம் வாய்ப்பதில்லை. கல்லூரிப் பேரணியில் பிடிக்கும் பதாகைகள் வாக்களிப்பது கடமை என்கின்றன. விடுதிச் சான்று எங்கே வாங்குவது என்று அவை சொல்வதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடிப் பேர். அந்த வயதினரின் மொத்த எண்ணிக்கையில் அது பாதிக்கும் குறைவு. பட்டியலுக்கு வராத மீதிப் பேர் எந்தப் படியில் நின்றுபோனார்கள் என்பது மாணவர் ஒருவர் தன் வளாகத்திலேயே கேட்டு அறியக்கூடிய செய்தி.

அறிவை அளக்கவும் இதே நுணுக்கம் வேண்டும். 'வாக்களிப்பது முக்கியம் என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அந்த விடையால் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம். வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்து, பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியுமா? முடியாது. பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் போதுமா? போதாது, அடையாள ஆவணமும் வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தால் என்ன ஆகும்? வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி பெறுவார். பதிவான வாக்கைச் சீட்டில் காட்டும் விவிபாட் எந்திரத்தில் அந்தச் சீட்டு எத்தனை நொடி தெரியும்? 7 நொடி. இவற்றுக்குச் சரி, தவறு என்று விடை உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்டால் மாற்றம் தெரியும்.

அறம்: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

முதல் கேள்வி மாணவரை வாக்குச்சாவடிக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஏன் வாக்களித்தீர்கள் என்று கேட்டால் யாருக்கு என்பது தானாகவே பேச்சில் வந்துவிடும். பணம் வாங்கினீர்களா என்று கேட்பது ஒருவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதாகும். வாக்கின் ரகசியத்தைச் சட்டம் காக்கிறது, ஆய்வாளரும் காக்க வேண்டும். ஊருக்குள் வினாப்படிவத்தோடு நடக்கும் மாணவரை எந்தக் கட்சியின் ஆள் என்று சந்தேகிப்பதும் தேர்தல் காலத்தில் இயல்பு.

இரண்டாம் கேள்வியில் கட்சிக்கு இடமே இல்லை. ஆனால் வேறொரு பொறுப்பு இருக்கிறது. படிவம் 6-இல் ஆதார் எண், பிறந்த தேதி, முகவரி, குடும்பத்தார் விவரம் எல்லாம் இடம்பெறும். பயிற்சியின்போது மாணவர்கள் இவற்றை நிரப்புவார்கள். ஆய்வாளர் எதையும் நகலெடுக்கவோ ஒளிப்படம் எடுக்கவோ கூடாது. குறிப்பெண் வந்ததா என்று பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி தருபவர் துறை ஆசிரியர் என்றால், வர மறுத்தால் அக மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் வரும். பங்கேற்பது விருப்பம் சார்ந்தது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பெயர் சேர்க்க விரும்பாத மாணவரை வற்புறுத்தவும் கூடாது. ஏன் விரும்பவில்லை என்று அவர் சொன்னால், அது ஆய்வேட்டின் மிக மதிப்புள்ள பக்கமாக அமையக்கூடும்.

பயன்: யாருக்கு உதவும்?

இங்கே முதல் கேள்விக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு திட்டம் மக்களாட்சியை வலுப்படுத்துகிறதா என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும். அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. 61-ஆவது திருத்தம் 1989-இல் அந்த வயதை 21-இலிருந்து 18 ஆக்கியது. அந்த உரிமை இளைஞரின் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்ற கவலைதான் முதல் கேள்வியின் உயிர்நாடி. இந்தக் கவலை இல்லாவிட்டால் இரண்டாம் கேள்வி வெறும் படிவம் நிரப்பும் பயிற்சியாகச் சுருங்கிவிடும்.

இரண்டாம் கேள்விக்கும் வரம்புகள் உண்டு. ஒரு கல்லூரியில் கண்டதைத் தமிழ்நாடு முழுவதற்கும் நீட்ட முடியாது. கல்லூரிக்கே வராமல் வேலைக்குப் போய்விட்ட 18 வயதினரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பெயர் சேர்த்தவர் தேர்தல் நாளில் சாவடிக்குப் போவார் என்பதற்கும் உறுதி இல்லை. எண்ணிக்கையும் சிறியது. ஒவ்வொரு பிரிவிலும் பட்டியலில் இல்லாதவர் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெறாத பிரிவில் 9 பேரும் பயிற்சி பெற்ற பிரிவில் 15 பேரும் விண்ணப்பித்தால், 30 விழுக்காடு 50 ஆனது என்று மகிழத் தோன்றும். ஆனால் இவ்வளவு சிறிய குழுவில் இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடும் என்று புள்ளியியல் சோதனை சொல்லும். 9-க்கு எதிரே 20 என்றால் துணிந்து பேசலாம். இதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும்.

இந்த வரம்புகளுக்குள்ளும் இரண்டாம் கேள்வியின் விடை உடனே பயன்படும். மாணவர்கள் விடுதிச் சான்றில்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், கல்லூரி முதல்வர் ஒரே வாரத்தில் அதற்கு ஏற்பாடு செய்யலாம். பி.எல்.ஓ. வரும் நேரத்தில் வீடு பூட்டியிருப்பதுதான் தடை என்று தெரிந்தால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதலாம். முதல் கேள்விக்கு மாணவர் எழுதும் விடையை வைத்துக்கொண்டு இப்படி எந்த அலுவலரிடமும் போய் நிற்க முடியாது.

முதல் கேள்வியிலிருந்து இரண்டாம் கேள்விக்கு

ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. இரண்டாம் கேள்வி முதலாவதற்குப் போட்டியாக வந்ததல்ல, அதைச் செதுக்கச் செதுக்கக் கிடைத்தது. வாக்காளர் கல்வி என்ற பெரும் பரப்பிலிருந்து ஒரு வகையை எடுத்தோம்: படிவம் வைத்து நடத்தும் பயிற்சி. மக்கள் என்ற பரப்பிலிருந்து ஒரு குழுவை எடுத்தோம்: பட்டியலில் இல்லாத 18 வயது மாணவர்கள். வாக்குப்பதிவு என்ற தொலைதூர விளைவுக்குப் பதில் அதற்கு முந்தைய படியை எடுத்தோம்: விண்ணப்பம். எதோடு ஒப்பிடுவது என்பதையும் கேள்வியோடு சேர்த்தே முடிவுசெய்தோம்: பயிற்சி பின்னால் பெறும் இன்னொரு பிரிவு. குழு, செயல், விளைவு, ஒப்பீடு என்ற இந்த நான்கும் தன் கேள்வியில் இருக்கின்றனவா என்று மாணவர் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தாலும் களத்துக்குப் போகும் நாள் இன்னும் வரவில்லை.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. கேள்விக்கு 'இல்லை' என்ற விடை வரவும் வழி இருக்க வேண்டும். 'வாக்காளர் கல்வியின் முக்கியத்துவம்' என்று எழுதினால் இல்லை என்ற விடைக்கே இடமில்லாமல் போகிறது. பயிற்சி தடையை நீக்குகிறதா என்று கேட்டால், நீக்கவில்லை என்ற விடையும் வரலாம். தடை அறியாமையில் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது என்று அப்போது தெரியவரும். அது தோல்வி அல்ல, ஒரு கண்டுபிடிப்பு. பயிற்சி பலித்தது என்று காட்டுவதற்காக எண்களை வளைப்பதைவிட, பலிக்கவில்லை என்று தெளிவாக எழுதும் மாணவரே ஆய்வாளர்.

முடிவாக

அளவுகோல், காரண விளக்கம், தரவு, அறம் ஆகிய நான்கிலும் இரண்டாம் கேள்வியே மாணவர் ஆய்வுக்கு ஏற்றது. பயனில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. முதல் கேள்வியை ஆய்வேட்டின் முன்னுரையில் வையுங்கள், ஏன் இந்த ஆய்வு என்பதற்கு அது விடை சொல்லும். இரண்டாம் கேள்வியை ஆய்வின் நடுவில் வையுங்கள், என்ன கண்டோம் என்பதற்கு அது விடை சொல்லும். நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர் பெரிய கேள்வியோடு வரும்போது அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த அக்கறையை அவரிடமிருந்து பறிக்காமல், அவருடைய ஆறு மாதத்துக்கும் அவருடைய வளாகத்துக்கும் பொருந்தும் அளவுக்குக் கேள்வியைக் குறுக்க உடனிருந்து உதவுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வினாப்படிவத்தை அச்சடிக்கும் முன் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6-ஐ நீங்களே நிரப்புங்கள். எந்தப் படியில் தயங்குகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வின் முதல் தரவு அதுவே.